குழந்தை தலையில் வட்டமாக முடி கொட்டுதா? வெங்காயம் தேய்க்காதீங்க!

குழந்தையின் தலையில் காசு அளவுக்கு வட்டமாக முடி கொட்டினால், "புழுவெட்டு" என்று சொல்லி சின்ன வெங்காயத்தை தேய்ப்பது நம்ம வீடுகளில் வழக்கம். ஆனால் எல்லா வட்டமும் புழுவெட்டு அல்ல.

புழுவெட்டு என்றால் அந்த இடம் வழவழப்பாக இருக்கும். அதுவே செதில் செதிலாக உரிந்து, அரிப்பெடுத்து, முடி ஒடிந்து கரும்புள்ளியாக தெரிந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். இது பூஞ்சை கிருமியால் வருவது. சீப்பு, தொப்பி, துண்டு, சலூன் மிஷின் மூலம் ஒரு பிள்ளையிடம் இருந்து இன்னொரு பிள்ளைக்கு தொற்றும்.

கிருமி முடிக்கு உள்ளேயே இருப்பதால் களிம்பு மட்டும் பூசினால் போகாது. மொட்டை அடித்தாலும் போகாது. டாக்டர் எழுதித் தரும் மாத்திரையை பல வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் நாமாக வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு நோயை மறைத்து பரப்பி விடும். அப்படியே விட்டால் சீழ் பிடித்து, அந்த இடத்தில் முடி முளைக்காமலே போகலாம்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மக்களுக்கு ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரி பக்கம்தான். எழும்பூர் அரசு குழந்தைகள் நல ஆஸ்பத்திரியிலும் காட்டலாம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். காசு கிடையாது. வீட்டில் மற்ற பிள்ளைகளின் தலையையும் பார்த்து விடுங்கள். ஆளுக்கு ஒரு சீப்பு வையுங்கள்.