பூட்டை மாற்றினோம், கதவு திறக்கவில்லை!

2024 ஜூலையில், முதுநிலை மாணவர் சேர்க்கை மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், நான் ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றிருந்த கல்லூரியின் இணையதளத்தில் சில பக்கங்கள் திறக்கவில்லை. 'அனுமதி இல்லை' என்று பொருள்படும் 403 என்ற எண் மட்டுமே திரையில் தோன்றியது. முந்தைய இரவில்தான் அந்தத் தளத்தை இயக்கும் சர்வரில் பாதுகாப்புப் புதுப்பிப்பு நிறுவப்பட்டிருந்தது. 'அதை நீக்கிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புங்கள்' என்பதே குழுவின் ஒருமித்த குரல். அதில் என் குரலும் இருந்தது.

கணினிப் பிரிவின் இளம் பணியாளர் ஒருவர் மட்டும் உடன்படவில்லை. அரை மணி நேரம் கேட்டார், தயக்கத்துடன் கொடுத்தோம்.

முடங்கியிருப்பது முழுத் தளமா, ஒரு பகுதியா என்பதையே அவர் முதலில் பார்த்தார். முகப்புப் பக்கம் திறந்தது. ஆகவே சர்வர் இயங்குகிறது. திறக்காத பக்கங்களைப் பட்டியலிட்டபோது ஓர் ஒற்றுமை தென்பட்டது. 'விண்ணப்பிப்பது எப்படி?', 'கட்டணச் சலுகை யாருக்கு?' என எல்லாமே கேள்விக்குறியில் முடியும் தலைப்புகள். அடுத்து, சர்வர் தன் மறுப்புகளுக்கான காரணங்களைக் குறித்துவைக்கும் பிழைப் பதிவேட்டைத் திறந்தார். கேள்விக்குறி கொண்ட பாதுகாப்பற்ற முகவரி மறுக்கப்பட்டது என்ற செய்தி அதில் வெளிப்படையாகவே இருந்தது.

காரணம் இதுதான். உலகெங்கும் ஏராளமான இணையதளங்களை இயக்கும் 'அப்பாச்சி' சர்வர் மென்பொருளின் 2.4.60 பதிப்பு அந்த ஆண்டு ஜூலை 1-இல் வெளியானது. தைவானைச் சேர்ந்த ஆரஞ்சு சாய் என்னும் ஆய்வாளர் கண்டறிந்த பல பலவீனங்களை அது சரிசெய்தது. இணைய முகவரியில் கேள்விக்குறிக்கு முந்தைய பகுதி, எந்தக் கோப்பு வேண்டும் என்பதைச் சொல்லும்; பிந்தைய பகுதி கூடுதல் விவரம். கேள்விக்குறியைச் சங்கேத வடிவில் நுழைத்தால், முகவரியை மாற்றியமைக்கும் சில விதிகளைக் குழப்பி, காட்டக் கூடாத கோப்புகளை எட்டிவிட முடியும். புதிய பதிப்பு அந்த வழியை அடைத்தது. எங்கள் தளமோ, பார்வையாளர் அனுப்பும் முகவரியை அப்படியே கோப்பின் பாதையாக மாற்றும் பழைய விதியை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தது. பழுது பூட்டில் இல்லை. கதவுதான் கோணலாக இருந்தது.

இத்தகைய முகவரிகளை அனுமதிக்கும் விலக்கு ஒன்றையும் அந்த மென்பொருள் வழங்குகிறது. ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் பக்கங்கள் திறந்துவிடும். அடைத்த ஓட்டையும் கூடவே திறந்துவிடும். அவர் அதை நாடவில்லை. விதியைத் திருத்தி எழுதினார். அமைப்புக் கோப்பில் பிழையில்லை என்பதைச் சரிபார்த்தார். சர்வரை மீண்டும் இயக்கினார். பக்கங்கள் திறந்தன.

புதுப்பிப்புகள் எல்லாம் குற்றமற்றவை என்று சொல்ல வரவில்லை. அதே 2.4.60 பதிப்பால், பழைய முறையில் அமைக்கப்பட்ட சில தளங்களில் நிரல்கள் இயங்குவதற்குப் பதிலாக அவற்றின் மூல வரிகளே பார்வையாளருக்குக் காட்டப்படும் அபாயம் எழுந்தது. இரண்டே நாளில் 2.4.61 பதிப்பும், எஞ்சிய குறையைத் தீர்க்க ஜூலை 17-இல் 2.4.62 பதிப்பும் வெளியிடப்பட்டன. ஆக, நிறுவியதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. நிறுவுமுன் காப்பு நகல், நேரடித் தளத்தைத் தொடுமுன் சோதனை நகலில் ஒத்திகை, நிறுவியபின் மறுதொடக்கம், பிறகு பிழைப் பதிவேட்டின் வாசிப்பு ஆகிய நான்கும் சேர்ந்ததே புதுப்பிப்பு. மறுதொடக்கம் செய்யாவிட்டால், வட்டில் புதிய மென்பொருள் இருந்தாலும் நினைவகத்தில் பழையதே ஓடிக்கொண்டிருக்கும்.

பிரெஞ்சுப் பொருளியலாளர் பாஸ்தியா 1850-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கண்ணுக்குத் தெரியும் விளைவையும் தெரியாத விளைவையும் பிரித்துக் காட்டினார். வகுப்பறையில் இதைப் பல ஆண்டுகள் விளக்கியவன் நான். ஆனால் அன்று, திறக்காத பக்கம் என் கண்ணுக்குத் தெரிந்தது. புதுப்பிப்பை நீக்கினால் வரக்கூடிய கேடு தெரியவில்லை.

அந்தக் கேட்டின் அளவுக்கு அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸே சான்று. 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்ற மென்பொருளின் பலவீனத்துக்கான திருத்தம் 2017 மார்ச்சில் வெளியானது. அந்த நிறுவனம் தன் தளம் ஒன்றில் அதை நிறுவத் தவறியது. மே மாதத்தில் ஊடுருவியவர்கள் சுமார் 14.7 கோடிப் பேரின் தனிப்பட்ட விவரங்களைக் கவர்ந்தனர். 2019-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நிறுவனம் தரவேண்டிய தொகை 70 கோடி டாலர் வரை உயரக்கூடியதாக இருந்தது. திருத்தமோ இலவசம்!

மாணவர்களின் மதிப்பெண், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம் அனைத்தும் இன்று கல்லூரி சர்வர்களில் இருக்கின்றன. அவை களவு போனால் இழப்பு மாணவருக்கு. செலவைத் தவிர்த்த நிம்மதி நிர்வாகத்துக்கு. செலவைத் தீர்மானிப்பவர் ஒருவர், இழப்பைச் சுமப்பவர் வேறொருவர் என்னும்போது, பராமரிப்பு எப்போதும் பின்னுக்குத் தள்ளப்படும். எனவே, சோதனை சர்வருக்கும் அதைக் கவனிக்கும் பணியாளருக்கும் நிதி ஒதுக்குவதை நிர்வாகங்கள் விருப்பமாக அல்ல, கடமையாகக் கொள்ளவேண்டும்.

அந்தப் பணியாளர் எங்களிடம் கேட்டது புதிய கருவியை அல்ல, அரை மணி நேரத்தை. அதைக்கூட அவர் வாதாடித்தான் பெற வேண்டியிருந்தது.

கட்டுரையாளர்:
பேராசிரியர் (ஓய்வு), பொருளியல் துறை.