இருபடிச் சமன்பாடு: மூலங்கள் சொல்லும் சேதி

நம் சங்கத்துக் குடும்பங்களில் பெற்றோர் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். பிள்ளைகளோ இங்கே ஆங்கில வழியில் படிக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை "குவாட்ராடிக் ஈக்வேஷன்" என்று புத்தகத்தைக் கொண்டு வந்தால், "எனக்கு அதெல்லாம் தெரியாது, டியூஷனில் கேட்டுக்கொள்" என்று ஒதுங்கிவிடுகிறோம். உண்மையில் அது நாம் பள்ளியில் படித்த இருபடிச் சமன்பாடுதான். "ரூட்ஸ்" என்றால் மூலங்கள். "டிஸ்க்ரிமினன்ட்" என்றால் தன்மைக்காட்டி. பெயர் மாறியதால் கணக்கு மாறிவிடவில்லை.

பேகம்பேட்டில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் மாலையில் என்னிடம் கணக்குக் கேட்க வருவதுண்டு. சூத்திரத்தை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆனால் விடையாக இரண்டு எண்கள் வந்தால் எதை எடுப்பது, ஒன்றுமே வராவிட்டால் என்ன பொருள் என்று கேட்டால் விழிக்கிறார்கள். அந்த இரண்டு கேள்விகளுக்கும் இங்கே விடை காண்போம்.

சூத்திரம் எங்கிருந்து வந்தது?

பள்ளியில் "எக்ஸ்" என்று எழுதும் தெரியாத எண்ணை இங்கே "ய" என்று எழுதுகிறேன். இது நானாகக் கண்டுபிடித்த வழக்கமல்ல. 12-ஆம் நூற்றாண்டின் பாஸ்கராச்சாரியார் தெரியாத எண்ணை "யாவத்தாவத்" என்று அழைத்து, சுருக்கமாக "யா" என்று குறித்தார்.

ஒரு ரயில் கணக்கைப் பார்ப்போம். ஒரு பாசஞ்சர் ரயில் 120 கி.மீ. தூரம் ஓடுகிறது. மணிக்கு 10 கி.மீ. வேகம் கூட்டினால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரும். அதன் வேகம் என்ன? வேகத்தை ய என்று வைத்துக்கொண்டால், 120/ய − 120/(ய + 10) = 1. இதைச் சுருக்கினால்

ய² + 10ய = 1200

என்று வரும். இடப்பக்கம் ஒரு முழு வர்க்கமாக இருந்தால் உடனே வர்க்கமூலம் எடுத்துவிடலாம், அப்படி இல்லை. எனவே அதை நாமே முழு வர்க்கமாக்க வேண்டும். இரு பக்கத்தையும் 4-ஆல் பெருக்குவோம்: 4ய² + 40ய = 4800. இரு பக்கமும் 10-இன் வர்க்கமான 100-ஐக் கூட்டுவோம்: 4ய² + 40ய + 100 = 4900. இப்போது இடப்பக்கம் (2ய + 10)-இன் வர்க்கம்; வலப்பக்கம் 70-இன் வர்க்கம். ஆகவே 2ய + 10 என்பது 70 அல்லது −70. ய = 30 அல்லது −40.

இந்த வழியைச் சொன்னவர் ஸ்ரீதராச்சாரியார். அவருடைய இயற்கணித நூல் நமக்குக் கிடைக்கவில்லை. பாஸ்கரர் தம் "பீஜகணித"த்தில் எடுத்துச் சொன்னதால் இந்த விதி பிழைத்தது. பாஸ்கரர் 1150-இல் முடித்த "சித்தாந்த சிரோமணி"யின் ஒரு பகுதிதான் பீஜகணிதம். இவர்களுக்கும் முன்பே, 628-இல் பிரம்மகுப்தர் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் விதியை எழுதியிருக்கிறார்.

எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்து க.ய² + ச.ய + த = 0 என்று எழுதி, இதே படிகளில் சென்றால் பள்ளிச் சூத்திரம் தானே வந்துவிடும். 4 × க-வால் பெருக்கி, ச²-ஐக் கூட்டினால் போதும். ஒருமுறை இப்படிச் செய்து பார்த்த பிள்ளைக்குச் சூத்திரம் மறக்காது. மறந்தாலும் மறுபடி உண்டாக்கிக்கொள்ளும்.

எந்த மூலத்தை எடுப்பது?

ரயில் கணக்கில் 30 கி.மீ. என்பது விடை. 120 கி.மீ. தூரத்தை 30 கி.மீ. வேகத்தில் 4 மணியிலும், 40 கி.மீ. வேகத்தில் 3 மணியிலும் கடக்கலாம். சரி, −40? "நெகட்டிவ், அதனால் தள்ளிவிட்டேன்" என்பார்கள் பிள்ளைகள். தள்ளுவது சரி. ஆனால் தள்ளுமுன் சற்று உற்றுப் பாருங்கள்: கூட்டிய வேகம் 40 அல்லவா! அதே கணக்கில் வேகமான ஓட்டத்தை ய என்று வைத்திருந்தால் மூலங்கள் 40, −30 என்று வந்திருக்கும். நாம் கேட்காத கேள்விக்கும் சமன்பாடு சேர்த்தே பதில் சொல்கிறது.

மூலத்தைத் தேர்வது பற்றி பாஸ்கரரே குரங்குக் கணக்குகள் இரண்டு தந்திருக்கிறார். முதலாவது: ஒரு குரங்குக் கூட்டத்தில் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் காட்டில் விளையாடுகிறது, மீதி 12 குரங்குகள் குன்றின் மேல் இருக்கின்றன. மொத்தம் எத்தனை? சமன்பாடு ய² − 64ய + 768 = 0; மூலங்கள் 48, 16. 48 என்றால் காட்டில் 36, குன்றில் 12. 16 என்றால் காட்டில் 4, குன்றில் 12. இரண்டும் சரியான விடைகளே.

இரண்டாவது: கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து 3-ஐக் கழித்து வரும் எண்ணின் வர்க்கம் குகைக்குள் போய்விட்டது, ஒரே ஒரு குரங்கு மட்டும் கிளையில் தெரிகிறது. இதற்கு மூலங்கள் 50, 5. ஐம்பதில் ஐந்தில் ஒரு பங்கு 10, மூன்று போக 7, அதன் வர்க்கம் 49, கிளையில் ஒன்று, சரி. ஆனால் 5-ஐ எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு 1. அதில் 3 போனால் −2. கழிக்க முடியாத குரங்கைக் கழிப்பது எப்படி? எனவே 5-ஐ ஏற்கக்கூடாது என்கிறார் பாஸ்கரர். மூலத்தைக் கண்டுபிடிப்பதோடு கணக்கு முடிவதில்லை. அதைக் கேள்வியில் மீண்டும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

தீர்ப்பதற்கு முன்பே தெரியுமா?

ஐதராபாத்தில் மனையைக் கஜக் கணக்கில்தான் பேசுகிறோம். உங்களிடம் 40 கஜம் முள்கம்பி இருக்கிறது. அதைக் கொண்டு ஒரு செவ்வகத் தோட்டத்துக்கு ஒரு சுற்று வேலி போட வேண்டும். நீளமும் அகலமும் சேர்ந்தால் 20 கஜம். ஒரு பக்கம் ய என்றால் மறுபக்கம் 20 − ய.

பரப்பு 96 சதுர கஜம் வேண்டுமா? ய² − 20ய + 96 = 0. தன்மைக்காட்டி ச² − 4 × க × த, அதாவது 400 − 384 = 16. மூலங்கள் 12, 8. நீளம் 12, அகலம் 8.

100 சதுர கஜம் வேண்டுமா? தன்மைக்காட்டி 400 − 400 = 0. இரு மூலங்களும் 10. தோட்டம் சதுரமாகிவிட்டது.

101 சதுர கஜம் வேண்டுமா? தன்மைக்காட்டி 400 − 404 = −4. எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறை எண் ஆகாது. ஆகவே மெய் மூலங்கள் இல்லை. கம்பியை எப்படி வளைத்தாலும் இந்தச் செவ்வகம் கிடைக்காது, 100-தான் உச்சவரம்பு.

தன்மைக்காட்டி மிகை எண்ணானால் இரு வேறு மெய் மூலங்கள். பூஜ்யமானால் ஒரே மூலம் இருமுறை. குறை எண்ணானால் மெய் மூலமே இல்லை. "விடை இல்லை" என்பதும் இங்கே ஒரு விடைதான். அது தெரிந்தவர் கம்பி வாங்கிய பிறகு தலையில் கை வைக்க மாட்டார்.

கற்பனை மூலம் வீணா?

குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று பாஸ்கரரும் சொல்லிவிட்டார். 1545-இல் இத்தாலியின் கார்டானோ, 10-ஐ இரண்டாகப் பிரித்து அவற்றின் பெருக்குத்தொகை 40 வரச் செய்வதைப் பற்றி எழுதினார். அதில் −15-இன் வர்க்கமூலம் வந்தது. அவர் கணக்கை முடித்துவிட்டு, நுட்பமானது, ஆனால் பயனற்றது என்று விட்டுவிட்டார்.

ரயில்வேயில் வேலை பார்த்த எனக்கு அது பயனற்றதாகத் தோன்றவில்லை. சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955-இல் தொடங்கியது. அதன் பழைய வகைப் பெட்டிகளின் சக்கரத்துக்கு மேலே சுருள்வில்லும், அதனுடன் எண்ணெய் நிரம்பிய "டேஷ்பாட்"டும் இருக்கும். தண்டவாளத்தின் இணைப்பில் சக்கரம் குலுங்கும்போது வில் பெட்டியைத் தாங்குகிறது. எண்ணெய் ஆட்டத்தை அடக்குகிறது. இந்த ஆட்டத்தின் கணக்கும் ஓர் இருபடிச் சமன்பாடே:

நிறை × ய² + எண்ணெயின் தடை × ய + வில்லின் விறைப்பு = 0

விளக்கத்துக்காகச் சிறிய எண்களை வைப்போம். ய² + 7ய + 10 = 0 என்றால் தன்மைக்காட்டி 9; மூலங்கள் −2, −5. தடை மிகுதி, பெட்டி ஆடாமல் மெல்லத் தன் நிலைக்குத் திரும்பும். ய² + 2ய + 10 = 0 என்றால் தன்மைக்காட்டி −36; மூலங்கள் கற்பனை எண் கலந்தவை: −1 ± 3√−1. இதில் −1 என்ற பகுதி ஆட்டம் எவ்வளவு வேகமாக அடங்கும் என்று சொல்கிறது. 3 என்ற பகுதி எவ்வளவு வேகமாக மேலும் கீழும் ஆடும் என்று சொல்கிறது. எண்ணெயே இல்லாவிட்டால் நடுவிலுள்ள உறுப்பு பூஜ்யமாகி, ஆட்டத்தை அடக்க எதுவும் இராது. பணிமனையில் டேஷ்பாட் எண்ணெய் மட்டத்தைச் சோதிப்பதன் காரணம் இதுதான். தடை மிகுந்தாலும் தொல்லையே: வில் விரைந்து இயங்காமல் குலுக்கல் பயணியின் முதுகுக்கு நேரே ஏறும். எனவே சற்றே ஆடி விரைவில் அடங்கும் நிலையைத்தான் பொறியாளர்கள் நாடுகிறார்கள். அதாவது கற்பனை மூலங்களை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கிறார்கள்!

பிள்ளைகளோடு செய்து பாருங்கள்

விடையைச் சரிபார்க்க ஒரு சுலப வழி: ய²-இன் கெழு 1 ஆனால், மூலங்களின் கூட்டுத்தொகை நடு எண்ணைக் குறி மாற்றியது, பெருக்குத்தொகை கடைசி எண். முதல் குரங்குக் கணக்கில் 48 + 16 = 64; 48 × 16 = 768.

இனி ஒரு பயிற்சி. ஓர் எண்ணையும், 1-ஐ அந்த எண்ணால் வகுத்து வருவதையும் கூட்டினால் 2½ வர வேண்டும். அந்த எண் எது? 2 வர வேண்டுமானால்? 1 வர வேண்டுமானால்? மூன்றுக்கும் முதலில் தன்மைக்காட்டியை மட்டும் கண்டுபிடித்து, விடை எப்படி இருக்கும் என்று பிள்ளையைச் சொல்லச் செய்யுங்கள். பிறகு தீர்க்கட்டும். நீங்கள் தமிழில் கேளுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் பரவாயில்லை. கணக்கு இரண்டுக்கும் பொது.