செங்கல் பிடித்துப் பழகிய கை

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கிராஃபோர்டு என்றொரு சின்ன ஊர். அங்கே ஒரு கொத்தனார். கோடை வந்தால் அவர் சித்தாள் தேடி அலைய வேண்டியதில்லை, வீட்டிலேயே பிள்ளைகள் இருந்தார்கள். உடன்பிறந்தவர்கள் கீழே நின்று செங்கற்களை வீச, சாரத்தின் மேல் நின்று ஒரு பையன் பிடிப்பான். சில வீச்சில் நாலு கல்கூடச் சேர்ந்து பறந்து வரும். செங்கல்லை வெடுக்கென்று பற்றப் போனால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். கல் வரும் வேகத்தோடு கையும் கொஞ்சம் பின்வாங்கி அதை வாங்கிக்கொள்ள வேண்டும். கல் கைக்கு வந்து சேரும்வரை கண் அதை விட்டு அகலக் கூடாது.

அந்தப் பையன்தான் ஜெர்ரி ரைஸ். அமெரிக்கக் கால்பந்தில் பந்து பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட 'வைடு ரிசீவர்'களில் அவருக்கு நிகராக இன்றுவரை யாரும் வரவில்லை.

பெயரில் கால்பந்து என்று இருந்தாலும் இந்த ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். மைதானத்தின் நீளம் 100 கஜம். அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி 10 கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் 'டவுன்' என்று பெயர். 10 கஜம் தாண்டினால் மறுபடி நான்கு வாய்ப்பு. எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்விட்டால் டச்டவுன், 6 புள்ளி. ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவர் எறிய, பக்கக் கோட்டை ஒட்டி ஒதுங்கி நிற்கும் வைடு ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும்.

அந்த ஓட்டம் மனம்போன ஓட்டமல்ல. எத்தனை எட்டு நேராகப் போவது, எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்று ஆட்டத்துக்கு முன்பே வகுத்த பாதை உண்டு, 'ரூட்' என்பார்கள். ரைஸின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ரூட் 'ஸ்லாண்ட்'. மூன்று எட்டு நேராக ஓடி, சட்டென்று மைதானத்தின் உள்பக்கமாகச் சாய்ந்து திரும்புவது. ரிசீவர் திரும்பி முடிப்பதற்குள்ளேயே பந்து எறிபவரின் கையை விட்டுக் கிளம்பியிருக்கும். ஆளைப் பார்த்து எறிவதில்லை, ஆள் வரப்போகும் இடத்தைப் பார்த்து எறிவார்கள். அரை எட்டு பிசகினால் பந்து எதிராளியின் மடியில் விழும். மூன்றாவது எட்டில் ரைஸின் தோளும் தலையும் அசையாது, வேகமும் குறையாது. அவர் திரும்பிவிட்டார் என்பது எதிரே நிற்கும் தடுப்பாளருக்கு உறைக்கும்போது அவர் கடந்து போயிருப்பார்.

பள்ளியில் அவர் கால்பந்துக்கு வந்ததே ஒரு விபத்து. ஒருநாள் வகுப்பைக் கட் அடித்துவிட்டுத் திரிந்தவரைப் பள்ளி நிர்வாகி ஒருவர் பின்னாலிருந்து கூப்பிட, பிடித்தார் ஓட்டம். பிடிபட்டதற்குத் தண்டனை கிடைத்தது. அந்த ஓட்டத்தைப் பற்றிப் பயிற்சியாளர் காதுக்கும் சேதி போய்விட்டது.

கல்லூரிக்கு அவர் போனது இட்டா பீனா என்ற ஊரில் இருக்கும் மிசிசிப்பி வேலி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு. இங்கே கொஞ்சம் வரலாறு சொல்லியாக வேண்டும். கறுப்பின மக்களை வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், 1950இல், கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கிய கல்லூரி அது. ராணுவம் இறங்கிய பிறகுதான் மிசிசிப்பி பல்கலைக்கழகம் தன் முதல் கறுப்பின மாணவரான ஜேம்ஸ் மெரிடித்தை 1962 அக்டோபர் 1 அன்று சேர்த்துக்கொண்டது. ரைஸ் பிறந்தது அதே மாதம் 13ஆம் தேதி. சட்டத்தின் கதவு திறந்த பிறகும் பெரிய கல்லூரிகளின் கண் குக்கிராமத்துக் கறுப்பினப் பிள்ளைகள்மேல் எளிதில் விழவில்லை. உதவித்தொகையோடு பெரிய இடம் எதுவும் ரைஸைத் தேடி வரவில்லை.

வேலி ஸ்டேட்டின் பயிற்சியாளர் ஆர்ச்சி கூலி துணிச்சல்காரர். மற்ற அணிகள் ஓடி ஓடிப் பந்தை நகர்த்திக்கொண்டிருந்த காலத்தில் அவர் எறி, எறி, எறிந்துகொண்டே இரு என்றார். எறிய வில்லி டாட்டன், பிடிக்க ரைஸ். 1983இல் சதர்ன் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ரைஸ் 24 முறை பந்தைப் பிடித்தார். 1984இல் அவர் பிடித்த டச்டவுன்கள் 27; அந்த ஆண்டு அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 60 புள்ளிக்கு மேல் குவித்தது. கல்லூரிக் கணக்கில் மொத்தம் 301 பிடிப்பு, 4,693 கஜம், 50 டச்டவுன்.

இத்தனை இருந்தும் தொழில்முறை அணிகள் தயங்கின. எதிர்த்து ஆடியவர்கள் சிறிய கல்லூரிக்காரர்கள் என்றார்கள். 40 கஜ ஓட்டத்தில் கடிகாரம் காட்டிய நேரம் போதாது என்றார்கள். பந்து இல்லாமல், எதிராளி இல்லாமல், நேர்க்கோட்டில் ஓடும் அந்த ஓட்டத்தை வைத்து ஒரு ரிசீவரை எடைபோடுவது எனக்கு என்றைக்கும் புரிந்ததில்லை. ஸ்லாண்டின் மூன்றாவது எட்டைக் காட்டும் கடிகாரம் கிடையாதே.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி பார்த்தார். 1984 அக்டோபரில் ஹூஸ்டனில் ஆட்டத்துக்கு முந்தைய இரவு ஹோட்டல் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் பயிற்சியாளர் பில் வால்ஷ். அன்றைய கல்லூரி ஆட்டத் துணுக்குகளில் ரைஸ் வந்தார். தொழில்முறைக் கால்பந்துக் கழகமான என்.எஃப்.எல்.லின் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு 'டிராஃப்ட்' என்று பெயர். தோற்ற அணிக்கு முதலிடம், வென்ற அணிக்குக் கடைசி இடம். அந்த ஆண்டு வாகையர் என்பதால் வால்ஷின் முறை 28ஆவது. அதுவரை ரைஸ் மிஞ்சமாட்டார் என்று பயந்து, நியூ இங்கிலாந்து அணிக்குத் தன் தேர்வுகளைக் கொடுத்து 16ஆவது இடத்தை வாங்கினார். அதற்கு முன்பே வேறு இரண்டு ரிசீவர்கள் தேர்வாகியிருந்தார்கள்.

1985இல் முதல் பருவம். பந்து கைநழுவிக்கொண்டே இருந்தது. சொந்த மைதானத்திலேயே கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். செங்கல் பிடித்தவனுக்குப் பந்து நிற்காததற்குக் காரணம் கையில் இல்லை. தடிமனான ஆட்டப் புத்தகத்தின் ரூட்டுகளெல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. அவை மனப்பாடமாகிக் காலுக்கு இறங்கியதும் எல்லாம் மாறியது. டிசம்பர் 9 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 241 கஜம். 1987இல், வீரர்கள் வேலைநிறுத்தத்தால் 12 ஆட்டமே ஆட முடிந்த பருவத்தில், 22 டச்டவுன். அந்தச் சாதனையை முறியடிக்க 20 ஆண்டு ஆனது. 2007இல் ரேண்டி மாஸ் 16 ஆட்டம் ஆடி 23 பிடித்தார்.

1989 ஜனவரியில் மயாமியில் நடந்த 23ஆவது சூப்பர் பவுல், அதாவது என்.எஃப்.எல். இறுதி ஆட்டம்தான், ரைஸைப் புரிந்துகொள்ளச் சரியான ஆட்டம். சின்சினாட்டி 16, சான் பிரான்சிஸ்கோ 13. மூன்று நிமிடம் சொச்சம் பாக்கி, போக வேண்டிய தூரம் 92 கஜம். குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானா எறிய, அந்தக் கடைசி நகர்வில் மட்டும் ரைஸ் மூன்று பந்து பிடித்து 51 கஜம் கொண்டுவந்தார். 34 வினாடி மிச்சமிருக்க, வெற்றிக்கான பந்து போனது அவருக்கல்ல, சக ரிசீவர் ஜான் டெய்லருக்கு. தடுப்பாளர்களின் கண் ரைஸ்மேல் இருந்தது. 11 பிடிப்பு, 215 கஜத்தோடு ஆட்டநாயகன் விருது மட்டும் ரைஸுக்கு.

ரைஸின் உழைப்பின் இன்னொரு பாதி யாரும் பார்க்காத இடத்தில் நடந்தது. பயிற்சியில் பிடித்த ஒவ்வொரு பந்தையும் எல்லைக்கோடுவரை ஓடிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஓய்வு மாதங்களில் கலிஃபோர்னியாவின் எட்ஜ்வுட் பூங்காவில் சுமார் 4 கிலோமீட்டர் மலையேற்றப் பாதையில் ஓடுவார். கூட ஓடப் போன சக வீரர்கள் பலர் பாதியில் நின்றிருக்கிறார்கள்.

1997இல் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் அறுந்தது. அதுவரை காயத்தால் அவர் ஒரு ஆட்டம்கூடத் தவறவிட்டதில்லை. மூன்றரை மாதத்தில் திரும்பி வந்து டச்டவுன் பிடித்தார், அதே பிடிப்பில் முழங்கால் சில்லு உடைந்தது. அது அவசரம், செய்திருக்கக் கூடாத அவசரம். பிறகு ஓக்லண்ட் அணிக்குப் போய், 40 வயதைத் தொட்ட 2002 பருவத்தில் 92 பிடிப்பு, 1,211 கஜம். அடுத்து சியாட்டில். 2005இல் டென்வரில் பயிற்சி முகாமோடு ஓய்வு. கடைசி ஆண்டுகளில் ஒட்டிக்கொண்டிருந்தார் என்று சிலர் குறைப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை செய்யத் தெரிந்தவர் வேலை கிடைக்கும்வரை செய்தார்.

மொத்தம் 20 பருவம். 1,549 பிடிப்பு. 197 டச்டவுன் பிடிப்பு. 22,895 கஜம், அதாவது கிட்டத்தட்ட 21 கிலோமீட்டர். இரண்டாம் இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டுக்கும் அவருக்கும் இடையே 5,403 கஜம். 2010இல் கால்பந்து நாயகர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றபோது, தோற்றுவிடுவோமோ என்ற பயம்தான் தன்னை ஓட்டியது என்று சொன்னார்.

கல்லூரியில் அவருக்குப் பந்து எறிந்த வில்லி டாட்டனுக்கு என்.எஃப்.எல்.லில் நீண்ட வாழ்வு அமையவில்லை. அவர் பின்னாளில் அதே கல்லூரிக்குப் பயிற்சியாளராகத் திரும்பினார். இட்டா பீனாவில் அந்த மைதானத்தின் இன்றைய பெயர் ரைஸ்-டாட்டன் ஸ்டேடியம்.