சித்திரக்காரனின் அச்சம்

வால்பாறையில் மழைக்காலம் வந்துவிட்டால் எதிர்மலை கண்ணுக்குத் தெரிவதில்லை. தேயிலைச் சரிவுகளெல்லாம் மூடுபனிக்குள் மறைந்துவிடும். சென்ற ஆனி மாதம் அப்படிப்பட்ட ஒரு பிற்பகலில், என் மாணவி ஒருத்தி தான் வரைந்த படங்களையெல்லாம் கிழித்துவிட்டு, வெறுங்காகிதத்தின் முன் உட்கார்ந்திருக்கக் கண்டேன். தோட்டத் தொழிலாளியின் மகள். காகிதமும் வர்ணமும் அவள் வீட்டுக்கு லேசான செலவல்ல.

"தப்பாகிவிடுமோ என்று கையே எழமாட்டேன் என்கிறதுங்க, ஸார்" என்றாள்.

உபதேசம் செய்ய நான் சித்திரக்காரன் அல்லேன். ஆகையால் நம் கோயமுத்தூரிலே 1911-ஆம் வருஷம் பிறந்த கே. ஸி. எஸ். பணிக்கரின் கதையைச் சொன்னேன்.

இளமையில் குடும்ப பாரத்தின் பொருட்டுத் தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர் அவர். 1936-ல், இருபத்தைந்தாம் வயதில், சென்னை ஓவியப் பள்ளியில் மாணாக்கராகச் சேர்ந்தார். நீர்வர்ணத்தில் இயற்கைக் காட்சிகள் தீட்டி நற்பெயரும் பெற்றார். 1957-ல் அப்பள்ளிக்கே தலைவரானார். பெயர் பெற்றவனுக்கன்றோ பயம் அதிகம்! உள்ள புகழும் போய்விட்டால்? ஆயினும் 1963-ல், ஐம்பது வயது கடந்தபின், பழகிய பாதையை விட்டார். எண்கள், கணக்குக் குறிகள், எழுத்துக்கள், ஜாதகக் கட்டம் போன்ற கோடுகள் - பள்ளிப்பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் கிடப்பவையெல்லாம் அவருக்குச் சித்திரமாயின. 'சொற்களும் குறியீடுகளும்' என்ற அந்த வரிசையே அவருடைய பெயரை நிலைநாட்டியது.

சித்திரக்காரனுக்கு மற்றோர் அச்சமும் உண்டு. அது அடுப்பைப் பற்றியது. வாங்குவோர் மனத்துக்குப் பயந்து வரைந்தால் கை நடுங்கத்தானே செய்யும்? அதற்கும் பணிக்கர் வழி கண்டார். அவரும் அவருடைய மாணாக்கர்களும் 'பாத்திக்' துணிகள் முதலிய கைவேலைகளைச் செய்து விற்றார்கள். அந்த வருவாயைக் கொண்டு, 1966-ல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். கைத்தொழில் சோறு போட்டது. தூரிகை சுதந்திரம் பெற்றது. 1977-ல் பணிக்கர் மறைந்தார். கிராமம் இன்றும் இருக்கிறது.

பெற்றோர்களே, குழந்தை படம் வரையும்போது "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வியே பிற்பாடு அதன் கையைப் பிடித்துக்கொள்கிறது.

மறுநாள் அவள் ஒரு படம் கொண்டுவந்தாள். மலை இல்லை, பனியும், அதில் பாதி தெரிந்த ஒரு தேயிலைச் செடியுந்தான். ஓரிடத்தில் கோடு தப்பியிருந்தது. அவள் அதை அழிக்கவில்லை.