நேரம் தப்பிய லாக் பதிவுகள்

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரமின்றித் தவித்தார்கள். எந்த மின்பாதை முதலில் துண்டானது, எது அதன் விளைவு என்று ஆராய்ந்த இரு நாட்டு விசாரணைக் குழுவுக்குத் தகவல் பஞ்சமே இல்லை. ஆனால் குவிந்த கணினிப் பதிவுகளின் நேரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சில கணினிகளின் கடிகாரம் தேசிய நேரத்தோடு சரிபார்க்கப்படாதது. வேறு சில, அலையாக வந்த தகவல்களை உடனுக்குடன் எழுத முடியாமல் பின்தங்கிப்போனவை. அவற்றின் குறிப்பு சம்பவம் நடந்த நேரம் அல்ல, எழுதி முடித்த நேரம்.

இந்த இரண்டு பிழைகளையும் ஒரே கணக்கில் தீர்க்க முடியாது. கடிகாரப் பிழைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கணினியின் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.7 வினாடி தவறும். ஒரே சம்பவம் ஒரு சர்வரின் லாக்கிலும் நம்பகமான வேறொரு பதிவிலும் இருந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். காலை 6 மணிக்கு 4 வினாடியும் மாலை 6 மணிக்கு 5 வினாடியும் சர்வர் பின்தங்கியிருந்தால், நண்பகல் வரியோடு 4.5 வினாடியைக் கூட்டலாம். ஆனால் இடையில் யாரோ கடிகாரத்தைத் திருத்தியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. 14:03:10 என்ற வரிக்கு அடுத்து 14:03:07 என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். பின்தங்கி எழுதிய பிழைக்கோ இப்படி ஒரு சூத்திரம் கிடையாது. வரிசையைத்தான் ஓரளவு மீட்கலாம்: கோரிக்கை போகாமல் பதில் வராது. இந்த முன்பின் உறவை வைத்தே நிகழ்வுகளை அடுக்கலாம் என்று கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978இலேயே காட்டிவிட்டார்.

பிழை தெரிந்தபின் பழைய நேரத்தை அழித்துவிட்டுச் சரியானதை எழுதினால் போதாதா? போதாது. திருத்தம் என்பது நம் ஊகம்; நாளை இன்னும் நல்ல ஆதாரம் கிடைத்தால் மறுபடி கணக்கிட மூல எண் வேண்டும். கைவைத்த லாக்கை நீதிமன்றமும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். ஆகவே திருத்திய நேரம் தனிப் பத்தியில், அது எத்தனை வினாடி முன்பின் இருக்கலாம் என்ற குறிப்போடு நிற்கட்டும். கோப்பு பெரிதாகும், உண்மைதான். ஆனால் வட்டில் இடம் வாங்கிக்கொள்ளலாம், அழிந்த மூலத்தை வாங்க முடியாது.

1980களிலிருந்தே என்டிபி நெறிமுறை கடிகாரங்களைச் சரிசெய்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம். அது இனி ஓடும் கடிகாரத்தைத் திருத்தும். நேற்று எழுதிய வரியைத் தொடாது. இந்தியாவில் கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவு, சர்வர் கடிகாரங்களைத் தேசிய நேரத்தோடு இணைக்கவும் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் சம்பவம் நடந்த நேரம், எழுதிய நேரம் என இரண்டையும் பதியும்படி நிரலை அமைக்க வேண்டியவர்கள் மென்பொருள் எழுதுபவர்களே.