ரேணிப் பெண்களின் தாய்வீடு

பத்ரிநாத் யாத்திரை போய்வந்த மாமியோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், ஜோஷிமட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இரவு நடுங்கிய நடுக்கத்தையும், காலையில் கிடைத்த காப்பியின் லட்சணத்தையும் விஸ்தாரமாகச் சொல்வார்கள். அங்கிருந்து பத்ரிக்குப் போகும் பாதைதான் அவர்களுக்குத் தெரியும். இன்னொரு பாதையும் உண்டு. அது தௌலி கங்கையின் ஓரமாகத் திபெத் எல்லையை நோக்கிப் போகிறது. அதில் சுமார் 25 கிலோமீட்டர் போனால், ரிஷி கங்கை வந்து கலக்கும் இடத்தில் ரேணி என்று ஒரு சிற்றூர். யாத்ரீகர்கள் தேடிப் போகும் ஊர் அல்ல. ஆனாலும் நம் நாட்டுப் பெண்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அந்த ஊரை விட்டுவிட முடியாது.

மலைநாட்டில் வீட்டு வேலை என்பது வீட்டுக்குள் நடக்கும் வேலை அல்ல. அடுப்புக்கு விறகு, மாட்டுக்குத் தழை, குடிக்கத் தண்ணீர் எல்லாவற்றையும் மேலேயிருந்து முதுகில் சுமந்து இறக்க வேண்டும். சுமப்பவள் பெண். ஆண்கள் பட்டாளத்திலோ சமவெளிப் பட்டணங்களிலோ இருந்துகொண்டு மணியார்டர் அனுப்புவார்கள். ரேணியில் இருப்பவர்கள் போட்டியா இனத்தவர். ஒரு காலத்தில் ஆட்டின் முதுகில் தானியத்தை ஏற்றிக்கொண்டு கணவாயைத் தாண்டித் திபெத்துக்குப் போய், உப்பும் கம்பளி ரோமமும் வாங்கி வந்து பிழைத்தவர்கள். 1962ல் சீன யுத்தம் வந்தது, எல்லை மூடியது, அந்தப் பிழைப்பும் போயிற்று. மிஞ்சியது கொஞ்சம் நிலமும் காடும்தான்.

யுத்தத்துக்குப் பிறகு எல்லை வரையில் ரோடுகள் போட்டார்கள். தேசத்தைக் காக்க ரோடு வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பட்டாளம் போன ரோட்டிலேயே மரக் காண்ட்ராக்டர்களும் வந்து சேர்ந்தார்கள். சரிவுகள் மொட்டையாகின. 1970 ஜூலையில் அலகநந்தாவில் பெருவெள்ளம் வந்து, பாலங்களையும் பஸ்களையும் அடித்துக்கொண்டு போயிற்று. மரம் போனால் மண் போகும், மண் போனால் வீடு போகும் என்பதை அந்த ஜனங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1973ல் நடந்ததையும் கேளுங்கள். உழவர்கள் நுகத்தடி செய்யச் சில மரங்கள் கேட்டார்கள். காட்டிலாகா மறுத்துவிட்டது. அதே ஜாதி மரத்தை விளையாட்டுச் சாமான் செய்யும் சமவெளிக் கம்பெனி ஒன்றுக்குத் தாராளமாகக் கொடுத்தது! ஏருக்கு இல்லாத மரம் பந்தாட்ட மட்டைக்கு இருந்தது. சண்டிப் பிரசாத் பட் என்ற சர்வோதயத் தொண்டர் ஜனங்களைத் திரட்டினார். வெட்ட வந்தால் மரத்தைக் கட்டிக்கொள்வோம் என்று தீர்மானித்தார்கள். 'சிப்கோ' என்ற பேர் அதிலிருந்து வந்தது. ஒட்டிக்கொள், கட்டிக்கொள் என்று அர்த்தம்.

அடுத்த வருஷம் ரேணிக் காட்டில் சுமார் 2,500 மரங்கள் ஏலம் போயின. 1974 மார்ச் 26ந் தேதி ஊரில் ஆண்களே இல்லை. யுத்த காலத்தில் எடுத்த நிலத்துக்கு நஷ்டஈடு தருகிறோம் என்று அத்தனை பேரையும் சமோலிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பட்டையும் கோபேஷ்வரில் அதிகாரிகள் பேச்சு வார்த்தையில் பிடித்து வைத்திருந்தார்கள். எத்தனையோ வருஷமாக வராத பணம் சரியாக அந்தத் தேதியில் வந்ததை என்னவென்று சொல்வது!

கோடரிகளோடு ஆட்கள் ஆற்றோரமாக நடப்பதை ஒரு சிறுமி பார்த்துவிட்டு, கௌரா தேவியிடம் ஓடினாள். அந்த அம்மாளுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயசு. இருபத்திரண்டு வயசில் கணவரை இழந்தவர்; தனியாக நின்று பிள்ளையை வளர்த்தவர்; ஊர் மகளிர் சங்கத்தின் தலைவி. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு 27 பெண்கள் மேலே ஏறினார்கள்.

கௌரா தேவி கூலியாட்களைத் திட்டவில்லை. சகோதரர்களே என்றுதான் அழைத்தார். இந்தக் காடு எங்கள் தாய்வீடு, இதை வெட்டினால் மலை சரிந்து எங்கள் வீடும் வயலும் போய்விடும் என்றார். சாப்பிட்டுவிட்டு எங்களோடு கீழே வாருங்கள், ஆண்கள் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஒருவன் துப்பாக்கியைக் காட்டியபோதுதான் நெஞ்சை நிமிர்த்தி, சுடு என்றார். ஆட்கள் இறங்கிப் போனார்கள். பெண்கள் இரவெல்லாம் காவல் இருந்தார்கள். மரங்கள் நின்றன.

தாய்வீடு என்ற சொல்லைச் சற்று யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே. புக்ககத்தில் எத்தனை கஷ்டம் வந்தாலும், போய் நின்றால் ஒரு பிடி சோறு கிடைக்கும் இடம் அது. அந்த அம்மாள் அலங்காரத்துக்குச் சொன்ன வார்த்தை இல்லை. கணக்குப் பார்த்துச் சொன்னது.

சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. 1976ல் அந்தப் பகுதியில் பத்து வருஷம் மரம் வெட்டத் தடை வந்தது. உலகமெங்கும் சிப்கோவின் புகழ் பரவியது.

புகழால் அடுப்பு எரியுமோ? 1982ல் நந்தா தேவி சிகரத்தைச் சுற்றிய பகுதியைத் தேசியப் பூங்கா என்று அறிவித்து, ஆள் நுழையக் கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். மேய்ச்சல் போயிற்று, மலை ஏறுகிறவர்களுக்கு மூட்டை தூக்கியும் வழி காட்டியும் சம்பாதித்த கூலியும் போயிற்று. கோடரியிடமிருந்து காட்டைக் காப்பாற்றிய கைகளுக்கே காட்டில் இடம் இல்லை! 1998ல் பக்கத்து லாதா கிராமத்து ஜனங்கள் தடையை மீறிப் பூங்காவுக்குள் நடந்தே போய்த் தங்கள் உரிமையைக் கேட்டார்கள்.

பிறகு வந்தது மின்சாரம். ரிஷி கங்கையில் ரேணிக்கு அருகே 13.2 மெகாவாட் நிலையம். கீழே தபோவனில் 520 மெகாவாட்டுக்கு இன்னொன்று. விளக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மலைக்கு வெடி வைப்பதையும், தோண்டிய மண்ணை ஆற்றில் கொட்டுவதையும்தான் ரேணிக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். 2019ல் ஹைகோர்ட் வரையிலும் போனார்கள்.

2021 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை காலை. ரோந்தி சிகரத்திலிருந்து பாறையும் பனிக்கட்டியுமாகச் சுமார் 2.7 கோடி கன மீட்டர் பெயர்ந்து விழுந்தது. ரிஷி கங்கை நிலையம் இருந்த சுவடு தெரியவில்லை. தபோவனில் சுரங்கத்துக்குள் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சேற்றில் புதைந்தார்கள். இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 200 பேருக்கு மேல். சிகரம் இடிந்ததற்கு அணையைக் காரணம் சொல்லிவிட முடியாது, அது நியாயமாகாது. ஆனால் அத்தனை பேரை ஆற்றின் வாய்க்குள் கொண்டுபோய் நிறுத்தியது மலை அல்லவே!

ஊர்க்காரர்கள் பயத்தில் மேலே ஏறிக் காட்டில் ராத்திரிகளைக் கழித்தார்கள். அந்த ஜூனில் பெய்த மழையில் ரோடு சரிந்து, வீடுகளில் விரிசல் கண்டது. கௌரா தேவி 1991லேயே காலமாகிவிட்டார். ஊரில் அவருடைய சிலை இருந்தது. ரோட்டை மாற்றிப் போடுவதற்காக அந்தச் சிலையையும் பெயர்த்து ஜோஷிமட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ஜோஷிமட் மட்டும் பத்திரமான இடமா? பழைய நிலச்சரிவின் மண்மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. பாரமான கட்டடம் கூடாது, பாறையை வெடி வைத்து எடுக்கக் கூடாது, மரத்தைத் தொடக் கூடாது என்று மிஸ்ரா கமிட்டி எழுதிக் கொடுத்தது, ரேணிக்குத் தடை கிடைத்த அதே 1976ல். 2023 ஜனவரியில் அங்கே 800க்கு மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விட்டது. பாத்திரம் பண்டங்களையும் சுவாமி படத்தையும் எடுத்துக்கொண்டு, குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வெளியேறினார்கள்.