சலசலக்கும் பனிக்கட்டி

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு அவர் ஊருக்குக் கரண்ட் வரப் பல நாள் ஆனது. அன்றிலிருந்து ஐப்பசி பிறந்தாலே ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்துவிடுகிறாராம். கரண்ட் போனதும் அவற்றை இறக்கி, பால், மீன், அம்மாவின் இன்சுலின் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நெருக்கி அடுக்குகிறார். இதனால் பலன் உண்டா, இல்லை மனத் திருப்திக்குத்தானா என்று கேட்கிறார்.

பலன் உண்டு, அவர் நினைப்பதைவிட அதிகமாகவே. இன்சுலின் விஷயத்தில் மட்டும் அவர் கையைத் தடுத்து நிறுத்த வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

1760களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் பிளாக் என்ற பேராசிரியர் ஒரு பெரிய கூடத்தில் இரண்டு கண்ணாடிக் குடுவைகளைத் தொங்கவிட்டார். ஒன்றில் ஐஸ், மற்றதில் கிட்டத்தட்ட அதே குளிரில் உறையாத தண்ணீர். தண்ணீர் அரை மணி நேரத்தில் சுமார் நான்கு டிகிரி சூடேறிவிட்டது. ஐஸ் உருகி அதே சூட்டை எட்டப் பத்தரை மணி நேரம் பிடித்தது. கூடம் ஒன்று, குடுவை ஒரே மாதிரி, உள்ளே போன வெப்பமும் ஏறக்குறைய ஒரே வேகம். அப்படியானால் அத்தனை மணி நேரம் போன வெப்பம் எங்கே? ஐஸை உருக்குவதிலேயே அது செலவாகிவிட்டது. தெர்மாமீட்டருக்கு அது தெரியவே தெரியாது. மறைவெப்பம் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான்.

எங்கள் குடும்பத்தில் பெரியம்மா ஒருவர் இருந்தார். யார் வந்து எவ்வளவு நேரம் புலம்பினாலும் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார். முகம் மட்டும் மாறாது. உருகுகிற ஐஸும் அப்படித்தான், கடைசித் துண்டு கரையும்வரை பூஜ்யம் டிகிரியிலேயே நிற்கும்.

ஒரு கிலோ ஐஸ் முழுவதும் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் இருக்கிற ஒரு லிட்டர் தண்ணீர் 8 டிகிரிக்கு ஏற 17 கிலோஜூல் போதும். அதே பாட்டில், அதே தண்ணீர். உறைந்திருந்தால் இருபது மடங்கு தாங்கும். நடுத்தர ஃபிரிட்ஜ் ஒன்றில் கதவைத் திறக்காமலே, சுவர் வழியாகவும் கதவின் ரப்பர் வழியாகவும் 40 வாட் அளவுக்கு வெப்பம் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ ஐஸ் இரண்டேகால் மணி நேரம் அதைச் சமாளிக்கும். ஐஸ் எதுவும் வைக்காத ஃபிரிட்ஜை, மூடியே வைத்திருந்தாலும், நான்கு மணி நேரத்துக்கு மேல் நம்பக் கூடாது. லிட்டர் பாட்டில் நான்கு இருந்தால் ஓர் இரவைக் கடத்திவிடலாம்.

பாட்டில்களை மேல்தட்டில் வையுங்கள், குளிர்ந்த காற்று கீழே இறங்கும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை ஃபிரிட்ஜில் ஃப்ரீசரின் குளிரைக் கீழ்ப் பகுதிக்குத் தள்ளுவது உள்ளே இருக்கும் மின்விசிறி. கரண்ட் இல்லாதபோது அதுவும் நின்றுவிடும். எனவே பாட்டிலைக் கையால்தான் இறக்கிவைக்க வேண்டும். உறையும்போது தண்ணீர் ஒன்பது சதவீதம் விரியும். கழுத்துவரை நிரப்பாதீர்கள், கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம்.

இந்த விஷயம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது, கிராமத்துக்குத் தடுப்பூசி கொண்டுபோகும் செவிலியர்கள் செய்கிற ஒரு காரியம். தோளில் மாட்டும் நீலப் பெட்டிக்குள் சுற்றிலும் நான்கு ஐஸ் பேக் வைப்பார்கள். டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் வைத்துவிட மாட்டார்கள். மேஜைமேல் பரப்பிக் காத்திருப்பார்கள். அவ்வப்போது ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால்தான் அது பெட்டிக்குள் போகும்.

ஏன் இந்தக் காத்திருப்பு? டீப் ஃப்ரீசரில் இருந்த ஐஸ் பூஜ்யம் டிகிரியில் இருப்பதில்லை. மைனஸ் இருபதை ஒட்டி இருக்கும். அதை அப்படியே ஒட்டிவைத்தால் பக்கத்தில் இருக்கிற மருந்தையும் உறையவைத்துவிடும். ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் போன்ற தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு சேர்த்திருக்கிறது. ஒரு முறை உறைந்தால் அது திரண்டுவிடும், மருந்தின் வீரியம் போய்விடும், உருகினாலும் திரும்பாது. ஐஸ் பேக்குக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்றால் ஐஸ் பூஜ்யத்துக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். இனி அது உருகி முடியும்வரை அங்கேயே நிற்கும். பிளாக் கூடத்தில் பத்தரை மணி நேரம் காத்திருந்து கண்டதை இந்தப் பெண்கள் காதாலேயே அளந்துவிடுகிறார்கள்.

இன்சுலினுக்கும் இதே எச்சரிக்கைதான். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் போட்டுக்கொள்ளக் கூடாது. எனவே பாட்டிலைக் குலுக்கிப் பார்த்து, தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகு உள்ளே வையுங்கள். இன்சுலினைத் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஐஸ் தொடாத கீழ்த்தட்டில் வையுங்கள். திறந்து பயன்பாட்டில் இருக்கிற குப்பிக்குப் பொதுவாக ஃபிரிட்ஜே தேவையில்லை. வெயில் படாத, அதிகச் சூடில்லாத அறையில் சுமார் நான்கு வாரம் இருக்கும். வகைக்கு வகை மாறும் என்பதால் உடன் வரும் தாளைப் படித்துவிடுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசிக்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. அதன் சுவரை ஒட்டித் தண்ணீர் அடைத்த குழாய்களோ பேக்குகளோ இருக்கும். கரண்ட் உள்ளபோது அவை உறையும், இல்லாதபோது உருகிக் காக்கும். நாளுக்கு எட்டு மணி நேர மின்சாரம் போதும். கரண்ட் போகத்தான் போகிறது என்று ஒப்புக்கொண்டு செய்த சாதனம் அது. நம் வீட்டு ஃபிரிட்ஜையும் அப்படித்தான் நடத்த வேண்டும். நாமோ கதவின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறோம். ஃப்ரீசரில் போன மாதத்துப் பட்டாணியும் யாருக்கும் வேண்டாத கேக்கும் கிடக்கின்றன. பாதி இடம் வெறும் காற்று. அந்தக் காலி இடத்தில் தண்ணீரை நிறுத்துவதற்குக் காசு செலவில்லை. புயல் எச்சரிக்கை வந்த பிறகு கடையில் மெழுகுவர்த்திக்கு அலைகிறவர்கள், முதல் நாளே குழாயைத் திறந்து நான்கு பாட்டில் பிடித்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு எப்போதும் உண்டு. மீனுக்கு விற்கும் ஐஸ் பாளத்தை வாங்குகிறவர்களும் கவனியுங்கள், அது குடிநீரில் செய்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. உணவில் படாமல் பையில் கட்டி வையுங்கள்.

ஊருக்குப் போகிறவர்கள் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுப் போகலாம். திரும்பி வரும்போது நாணயம் அடியில் உறைந்து கிடந்தால், நடுவில் கரண்ட் போய் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. ஃப்ரீசரில் உள்ளதைக் கொட்ட வேண்டியதுதான், ஃபிரிட்ஜில் உள்ளதையும் நம்ப முடியாது. கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதியிலும் அழியாது, மணத்திலும் தெரியாது. சமைத்த சோறு, குழம்பு, கறி, மீன், பால் இவை 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். ஊறுகாய், வெண்ணெய், வெட்டாத காய்கறிகள் தாங்கும். இட்லி மாவு கூடுதலாகப் புளிக்கும், ஊத்தப்பம் ஊற்றிவிடலாம்.